ரோட்டு மாட்டின் காது: சென்னையில் ஐந்து நாள்

முதல் நாள், எழும்பூர்

உழவன் எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே கொண்டுவந்து இறக்கிவிட்டது. லாட்ஜில் குளித்துவிட்டு, ஸ்டேஷன் எதிரே ஒரு பொங்கல் வடையையும் முடித்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் நாச்சியார்கோவில், கும்பகோணத்துக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் பித்தளைப் பட்டறை, தாத்தா காலத்திலிருந்து குத்துவிளக்குதான். அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகு போட்டுச் சேர்ப்போம். அந்த அன்னத்தால்தான் சண்டை. போன மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர், அன்னமே இல்லாமல் மழமழவென்று நான்கு அளவில் விளக்கு வேண்டும் என்றார். நல்ல ஆர்டர். அப்பா, "அன்னம் இல்லாத வெளக்க எவன்டா நாச்சியார்கோயில் வெளக்குன்னு சொல்லுவான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன்.

சென்னையில் இருக்கும் நண்பன்தான் சொன்னான்: ஈசிஆர் பக்கம் ஒரு அக்கா செம்புத் தகட்டில் ஒரு மாட்டைச் செய்து, அந்த ஒரு மாட்டை வைத்தே இத்தனை வருஷமாகப் பட்டறை நடத்துகிறார், முதலில் அதைப் போய்ப் பார், அப்புறம் வந்து அப்பாவிடம் சண்டை போடு என்று. போன் செய்தால், ஆனி முடியப் போகிறது, ஆர்டர் நெருக்கடி, மூன்றாம் நாள் வாங்க தம்பி என்றார் அக்கா. அதனால் இரண்டு நாள் ஊர்சுற்றல். பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் இந்தக் குறிப்பு முழுக்க அவர் அக்காதான்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எட்டாம் வகுப்பில் டூர் வந்தபோது டைனோசர் பொம்மையைப் பார்த்துவிட்டு ஓடிப்போன ஞாபகம். இந்தமுறை நேராக வெண்கலக் கூடத்துக்குப் போனேன். திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன் என்றால் நம்பமாட்டீர்கள். இவருடைய புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் உருகி உருகி எழுதினார், அது 1921-இல் அச்சில் வந்தது. நான் உருகவில்லை, தொழில் புத்தியோடு பார்த்தேன். பிரபை இல்லை! சுற்றிலும் இருக்க வேண்டிய நெருப்பு வளையம் இல்லாமல் வெறுமனே ஆடிக்கொண்டிருக்கிறார். எங்கள் தெரு ஆட்கள் பார்த்தால் முதலில் "பிரபை எங்க?" என்றுதான் கேட்பார்கள், ஆனால் இவரை நடராஜர் இல்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். வேண்டாம், வம்பு.

இன்னொன்றும் யோசித்தேன். இந்தச் சிலைகளுக்குத் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசி, சுட்டு மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆக ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். எங்கள் தொழில் அப்படி இல்லை. மாதிரி ஒன்று இருந்தால் போதும், மண்ணில் அழுத்தி அழுத்தி எடுத்து ஆயிரம் அன்னம் ஊற்றலாம். எங்கள் வீட்டு அன்னத்தின் மாதிரி தாத்தா அரம் போட்டது. எழுபது வருஷமாக அதே மூக்கு.

மத்தியானம் அரசு கவின்கலைக் கல்லூரிப் பக்கம் நடந்தேன். சிவப்புச் செங்கல், நிழல், வாசலில் யாரோ பாதியில் விட்ட ஒரு களிமண் தலை. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தன் சொந்தப் பொறுப்பில் ஆரம்பித்த பள்ளி இது, இரண்டு வருஷத்தில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எனக்குப் பிடித்த கதை வேறு. இங்கே பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், செம்பு பித்தளை வேலை தெரிந்த கைகளுக்குப் புது வேலை கொடுக்கலாம் என்று 1898-இல் அலுமினியப் பாத்திரம் அடிக்கவிட்டார். அது விற்ற வேகத்தில் சில வருஷத்திலேயே தனிக் கம்பெனியாகிவிட்டது. ஓவியப் பள்ளியில் பிறந்த அலுமினியச் சட்டிதான் நம் பாட்டிகளின் பித்தளைப் பானையைப் பரணுக்கு அனுப்பியது. எங்கள் தொழிலுக்கு வில்லன் இங்கேதான் பிறந்திருக்கிறான் என்று தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது. மாட்டு அக்காவும் இந்தக் கல்லூரியில் படித்தவர்தானாம்.

இரண்டாம் நாள், தீவுத்திடல், மெரினா

காலையில் மன்றோ துரை, வெள்ளைக்காரர் காலத்தில் மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். தீவுத்திடல் பக்கம் நடுரோட்டில் உயரமான பீடத்தின்மேல் குதிரையில் உட்கார்ந்திருக்கிறார். லண்டனில் பிரான்சிஸ் சாண்ட்ரி செய்து கப்பலில் வந்த வெண்கலம், 1839-இல் இங்கே நிறுத்தினார்கள். குதிரைக்குச் சேணமும் இல்லை, கால் வைத்து ஏறும் அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துபோனார், வெட்கத்தில் உயிரை விட்டார் என்று ஆட்டோக்காரர் ரொம்ப அழுத்தமாகச் சொன்னார். நம்ம ஊரில் எந்தச் சிலையில் என்ன குறைந்தாலும் சிற்பியைக் கொன்றுவிடுகிறோம். ஆனாலும் நூற்றெண்பது வருஷமாக மன்றோ என்ன சாதித்தார் என்று தெரியாதவர்களுக்கும் அங்கவடி இல்லை என்பது தெரிந்திருக்கிறது, அது ஒரு விஷயம்தான்.

அப்புறம் மெரினா, உழைப்பாளர் சிலை. கவின்கலைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்தது, 1959 ஜனவரி 25-இல் வைத்தார்கள். நான்கு ஆட்கள் ஒரு பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். 1923-இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். இதன் பிரதி ஒன்று டெல்லியில் தேசிய நவீன கலைக்கூடத்தின் வாசலிலும் இருக்கிறது. படத்தில் ஆயிரம் தடவை பார்த்தாயிற்று, ஆனால் பின்பக்கம் போய்ப் பார்த்ததில்லை. போய்ப் பாருங்கள். முதுகுத் தசையும் கெண்டைக்காலும்தான் இந்தச் சிலை, முகமெல்லாம் இரண்டாம்பட்சம். சுண்டல் விற்கும் பையன் நான் சிலைக்குப் பின்னால் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, எதுனா தொலைச்சிட்டியா?" என்றான்.

சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறித் திருவான்மியூர். ஜன்னலோரம் நின்றுகொண்டே வந்தால் மொட்டைமாடி மொட்டைமாடியாகச் சென்னையைப் பார்க்கலாம், இதைவிட மலிவான சுற்றுலா இந்த ஊரில் இல்லை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ. அக்கா நாளைக்குத்தானே வரச் சொன்னார், ஆனால் மாட்டை வெளியிலிருந்து பார்க்க யார் அனுமதி வேண்டும்? டிரைவரிடம் நண்பன் சொன்ன தெருப் பெயரைச் சொன்னேன், முழித்தார். "ஒரு செப்பு மாடு..." என்று ஆரம்பித்ததும், "மாட்டு கேட்டா? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா" என்று அலுத்துக்கொண்டார்.

இருட்டப் போகும் நேரம். கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன சிமெண்ட் மேடை, அதன்மேல் மாடு. பார்த்ததும் எனக்கு ஏமாற்றம்தான். நந்தி மாதிரி கம்பீரமாக ஒன்றை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இது முன்னங்கால் இரண்டையும் மடித்து, வயிறு ஒருபக்கம் சரிந்து, ஒரு காது முன்னால் ஒரு காது பின்னால், பஸ் ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்கமாட்டேன் என்று நடுரோட்டில் படுத்திருக்குமே, அதே மாடு. பக்கத்தில் நிஜ மாடு ஒன்றும் படுத்திருந்தது. இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பத்து நிமிஷம் நின்றபின் ஏமாற்றம் போய்விட்டது.

மூன்றாம் நாள், ஈஞ்சம்பாக்கம்

காலையில் சோழமண்டலம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் ஓவியர்களையும் சிற்பிகளையும் சேர்த்துக்கொண்டு வந்து உருவாக்கிய கிராமம், அப்போது இந்தப் பக்கம் மணலும் சவுக்கும்தானாம். படம் விற்றுச் சாப்பிட முடியாது என்பது பணிக்கருக்குத் தெரிந்திருந்தது, அவர் அப்போது கல்லூரி முதல்வர் வேறு. அதனால் எல்லாரும் பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருள் செய்து விற்று, அந்தப் பணத்தில்தான் இந்த நிலத்தையே வாங்கினார்கள். மத்தியானம் வரை வயிற்றுக்கு, அதற்கப்புறம் ஓவியத்துக்கு. ஓவியர்கள் கடை நடத்துவது ஏதோ பாவம் என்று பேசுகிறவர்கள் இந்த ஊரின் கதையை ஒருமுறை கேட்கலாம்.

மியூசியத்தில் எனக்கு வேண்டியது உலோகம். பி.வி. ஜானகிராமின் தகட்டுச் சிலைகளைப் பார்த்தால், கருவறையில் மூலவருக்குச் சாத்தும் கவசம் எழுந்து தானாக நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது. பின்பக்கம் கிட்டத்தட்ட இல்லை, எல்லாம் முன்பக்கம், மேலே கம்பியை வளைத்துப் பற்றவைத்த கோலம். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் செம்பும் பித்தளையும் சேர்த்துப் பற்றவைத்த சிலைகளும் அந்த வழிதான், ஆனால் அவருடையதில் ஒரு கதையே நடக்கிறது. இரண்டு பேருடைய வேலையையும் பெயர்ப்பலகை பார்க்காமலே பத்தடி தூரத்தில் சொல்லிவிடலாம். நேற்று முன்பின் சுற்றிப் பார்த்த உழைப்பாளர் சிலைக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! இரண்டும் ஒரே கல்லூரியிலிருந்து வந்தவை.

சாயங்காலம் அக்காவின் பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளே அனல், சுவர் முழுக்கக் கத்தரித்த பிரவுன் பேப்பர் வடிவங்கள் ஆணியில் தொங்குகின்றன. அக்காவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கையில் சுத்தியலோடுதான் பேசுகிறார், நமக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

மாட்டின் கதை இதுதான். இருபது வருஷத்துக்கு முன்னால் அக்கா பெயர்ப்பலகை, பூஜை ரூம் கதவுக்குத் தகடு, ஓட்டல் சுவருக்கு அலங்காரம் என்று கிடைத்ததைச் செய்துகொண்டிருந்தார். ஒரு பெரிய விடுதிக்காரர் வாசலில் வைக்க நந்தி கேட்டார், அட்வான்ஸும் கொடுத்தார். அக்கா நந்திதான் செய்ய ஆரம்பித்தார். ஆனால் தினமும் பஸ்ஸில் வரும்போது பார்த்த ரோட்டு மாடு கைக்குள் வந்துவிட்டது. "நான் நந்தின்னு நெனச்சுத்தான் அடிச்சேன் தம்பி. காது ரெண்டையும் வெச்சப்புறம்தான் தெரிஞ்சுது, இது வேற ஆளுன்னு." விடுதிக்காரர் வந்து பார்த்தார். "இத ரோட்டுல டெய்லி ஓசியிலயே பாக்கறனே" என்றார். எடுத்துக்கொள்ளவில்லை. அட்வான்ஸையும் திருப்பிக் கேட்டார், அக்கா தவணையில் கட்டினாராம்.

ஆறடி நீளத்தில் அதை உள்ளே வைக்க இடமில்லை. கேட்டுக்கு வெளியே தள்ளிவைத்தார். அவ்வளவுதான். கலைக்கூடத்துக்கோ கண்காட்சிக்கோ அது போகவில்லை, இடம் இல்லாததால் வெளியே கிடந்தது. ஒரு மாசத்தில் குழந்தைகள் ஏறி விளையாட ஆரம்பித்தன. மாட்டுப் பொங்கலன்று காலை கதவைத் திறந்தால் நெற்றியில் குங்குமம், கொம்பில் பூ. அப்புறம் ஒரு நாள் காரை நிறுத்தி ஒரு அம்மா இறங்கி வந்து, "இதே மாடு, மேசைமேல வைக்கற சைஸ்ல கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கிடைக்கும்னு சொல்லிட்டேன். அப்ப என் கையில ஒண்ணுகூட இல்ல."

நான்காம் நாள், பட்டறையிலேயே

இன்று முழுக்க இங்கேதான். காலை எட்டு மணிக்கே வரச் சொன்னார், வந்ததும் அரத்தைக் கையில் கொடுத்துவிட்டார். "சும்மா பாத்துட்டிருந்தா போர் அடிக்கும்."

முதலில் வேலை. செம்புத் தகடு 22 கேஜ், ஒரு சதுர அடி சுமார் 600 கிராம் வரும். ஜாக்கெட் தைப்பதற்கு வெட்டுகிற மாதிரி பேப்பரை வைத்துக் கோடு இழுத்து வெட்டுகிறார்கள், சின்ன மாட்டுக்குப் பதினொரு துண்டு. துண்டை மந்தமாகச் சிவக்கும்வரை நெருப்பில் காட்டி அப்படியே தண்ணீரில் போடுகிறார்கள். இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இறுகும், செம்பு அப்படியே பூ மாதிரி ஆகிவிடும். மணல் மூட்டைமேல் வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடித்தால் வயிறு வருகிறது. அடிக்க அடிக்கத் தகடு இறுகிவிடும், திரும்ப நெருப்பு, திரும்பத் தண்ணீர். அப்புறம் வெங்காரம் போட்டு, உருக்கி ஒட்டும் உலோகமான பற்றாசு வைத்து ஒட்டுகிறார்கள். நிறத்துக்குக் கந்தகக் கரைசல், மேலே மெழுகு.

வேலை செய்கிற நான்கு பேரில் மூத்தவர் புதுப்பேட்டையில் பதினைந்து வருஷம் கார் டிங்கரிங் பார்த்தவர். "அம்பாசிடர் பானட்டும் மாட்டு வவுறும் ஒண்ணுதாம்பா. உள்ள கைய வுட்டுத் தடவுனா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு நெளியலை எடுத்துவிட்டார். கல்லூரியில் சொல்லிக்கொடுக்காத பாதி வேலையை இவரிடம்தான் கற்றேன் என்கிறார் அக்கா. பழுதான கருவிகளுக்கும் பழைய பேரிங்குகளுக்கும் இன்னமும் புதுப்பேட்டைக் காயலான் கடைதான்.

பெரிய மாட்டின் வயிறு ஏன் ஒருபக்கம் சரிந்திருக்கிறது, அது அழகுக்காகத்தானே என்று கேட்டேன். சிரித்தார். பாதி அழகு, பாதி விபத்தாம். முதலில் உள்ளே இரும்புச் சட்டம் கொடுத்திருந்தார். செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு உப்பு ஈரத்தில் இருந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும். கடல் அரை கிலோமீட்டர் தூரத்தில். இரண்டு மழைக்காலத்தில் உள்ளே சட்டம் பொரிந்து வயிறு இறங்கிவிட்டது. நியூயார்க்கின் சுதந்திரதேவி சிலைக்கும் இதே கோளாறுதான், 1886-இல் வைத்தது, வெளியே 2.4 மில்லிமீட்டர் செம்புத் தோல், உள்ளே இரும்பு விலா. இரண்டுக்கும் நடுவில் தடுப்பு கொடுத்தும் நாளடைவில் தாங்கவில்லை. நூறு வருஷத்தில் விலாக்கள் அரித்துப் போய், 1986-இல் முடிந்த பராமரிப்பில் துருப்பிடிக்காத எஃகாக மாற்றினார்கள். "அவங்களுக்கு நூறு வருஷம் தாங்குச்சு, எனக்கு ரெண்டு வருஷம்." இப்போது இங்கேயும் உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, நடுவில் ரப்பர். ஆனால் சரிந்த வயிற்றை நிமிர்த்தவில்லை. அதற்குள் வாங்குகிறவர்கள் எல்லாம் அந்தச் சரிவோடுதான் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்ன மாட்டிலும் இப்போது வேண்டுமென்றே சரித்து அடிக்கிறார்கள்.

இதை எழுதும்போது நான் அன்னத்தின் மூக்கைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒருபக்கம் லேசாகக் கோணல். தாத்தா வேண்டுமென்று செய்தாரா, அரம் வழுக்கியதா என்று யாரும் கேட்டதில்லை.

சரி, கணக்கு. இதைக் கேட்கத்தான் வந்தேன். சின்ன மாடு மூன்று அளவு, அதில்தான் சம்பளம், வாடகை, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஓடுகிறது. ஆறடி மாடு வருஷத்துக்கு ஒன்று போனால் அதிகம், அது விற்கிற வருஷம் பழைய கடன் அடையும். தையும் மாட்டுப் பொங்கலும் உச்சம், அப்புறம் சித்திரை வைகாசிக் கிரகப்பிரவேசங்கள். மாடு வந்த பிறகு வேலை மாறிய விதத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நிறம் வைக்க ஒருவர், தகடு வெட்ட ஒருவர் என்று ஆள் பிரிந்தது மாட்டால். பூஜை ரூம் தகடு கேட்டு வருகிறவர்கள் நின்றுபோனது மாட்டால், இங்கே மாடு மட்டும்தான் செய்வார்கள் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். வாடகை ஏறியதும் மாட்டால். "உங்க மாட்டாலதான் என் எடத்துக்கே அட்ரஸ்" என்று வீட்டுக்காரரே பெருமையாகச் சொல்லிவிட்டு அதே வாயால் வாடகையை ஏற்றினாராம்.

பில் போடுவதில் ஆடிட்டருக்கும் இவருக்கும் தீராத வழக்கு. இது சிலையா, கைவினைப் பொருளா, வீட்டு அலங்காரச் சாமானா? மேசை மாட்டைச் சிலை என்றால் அக்காவுக்கே கூச்சமாக இருக்கிறது, அலங்காரச் சாமான் என்றால் கோபம் வருகிறது.

போலி வராமல் இருக்குமா. மாட்டின் காதில் ஒரு சின்னப் பித்தளை வில்லை தொங்கும், அதில் எண். கால்நடைத் துறை நிஜ மாட்டின் காதில் மஞ்சள் வில்லை போட்டு 12 இலக்க எண் கொடுக்கிறதே, அதைப் பார்த்து வந்த விளையாட்டு அது. எண்ணை ஒரு நோட்டில் எழுதிவைத்து, யாரிடம் போனது என்றும் குறித்துக்கொள்கிறார். ஆறடி மாடு மட்டும் மொத்தம் எட்டுதான் என்று முடிவு. பிரான்சில் ஒரு வெண்கலச் சிலைக்குப் பன்னிரண்டு வார்ப்பு வரைதான் அசல் என்று வைத்திருக்கிறார்கள், தன்னுடையது தகடு, இடுப்பு வலிக்கிறது, அதனால் எட்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் வெளியூர்க் கண்காட்சி ஒன்றில் இவருடைய மாட்டை வார்ப்பில் எடுத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். செய்தவன் கெட்டிக்காரன், சரிந்த வயிறு, முன்பின் காது எல்லாம் சரியாக இருந்தது. காது வில்லையையும் விடவில்லை, அப்படியே அச்சில் எடுத்துவிட்டான். அதனால் அங்கே இருந்த அத்தனை மாட்டுக்கும் எண் 112.

நோட்டைப் புரட்டினால் 112-ஐ வாங்கியது யார் என்று தெரிந்துவிட்டது. கேஸ் போட்டீர்களா என்றேன். வக்கீலைப் பார்த்திருக்கிறார். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் சிற்பமும் கலைப்படைப்புதான், செய்தவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் உரிமை உண்டு. அமர்நாத் சேகல் வழக்கையும் வக்கீல் சொன்னாராம். டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள், 2005-இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, மிச்சத்தையும் திருப்பிக் கொடுத்து ஐந்து லட்சம் இழப்பீடும் தரச் சொன்னது. "அதான் தம்பி, எழுபத்தொம்போதுல கழட்டுனாங்க, ரெண்டாயிரத்தஞ்சுல தீர்ப்பு. எனக்கு இருபத்தாறு வருஷம் இல்ல." விட்டுவிட்டார். இப்போதும் யாராவது பழுதுபார்க்கக் கொண்டுவரும் மாட்டில் 112 இருந்தால் பட்டறையே சிரிக்கிறது, ஆனாலும் பழுதுபார்த்துக் கொடுக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டுதான்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பின்பக்க ஷெட்டைக் காட்டினார். தார்ப்பாய்க்குக் கீழே செம்புக் கம்பியில் பின்னிய வலைகள், ஆள் உயரத்துக்கு, அலை எழும்புகிற மாதிரி. பிரமாதம் என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியவில்லை. மாடு அழகான யோசனை, இது வேறு ரகம். ஒன்பது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறாராம். ஒரு தடவை இவற்றை மட்டும் ஒரு கூடத்தில் வைத்தார், வந்தவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாடு எங்க மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கோபத்தில் ஆறு மாசம் மாட்டையே நிறுத்தினார். இரண்டு ஆள் வேலையை விட்டுப் போனார்கள், கழுத்துச் செயின் அடகுக்குப் போனது, ஏழாவது மாசம் மாடு திரும்பி வந்தது. அதிலிருந்து ஒரு ஏற்பாடு. ஆடியில் எப்படியும் கிரகப்பிரவேசம் கிடையாது, ஆர்டரும் கிடையாது. ஆடி ஒன்றிலிருந்து மாசக் கடைசி வரை மாட்டுக்கு லீவு, வலை மட்டும்.

நாளைக்கு ஆடி ஒன்று. அதனால்தான் இன்று இரவு எட்டு மணி வரை அரம் போட்டேன். கை எல்லாம் கருப்பு.

ஐந்தாம் நாள், மறுபடி எழும்பூர்

காலையில் போனபோது மேசைகள் காலி. மாட்டுத் துண்டுகளையெல்லாம் மூட்டை கட்டி மேலே ஏற்றிவிட்டார்கள். டிங்கரிங் அண்ணன் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார், முகத்தில் பெரிய உற்சாகம் ஒன்றும் இல்லை. "வலைக்குக் கூலி அதேதான், ஆனா கண்ணு போவுது" என்றார்.

கிளம்பும்போது அக்கா ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரு காது. கூரியரில் போகிற மாட்டில் பத்துக்கு இரண்டு காது மடங்கிப் போகிறதாம், தகடு மெல்லிசு. வார்ப்பாக இருந்தால் மடங்காது. வெறும் செம்பை வார்த்தால் குமிழ் விடும் என்று அவருக்கும் தெரியும், அதனால் பித்தளை, உடம்பு செம்பு நிறத்தில் இருந்து காது மட்டும் மஞ்சளாக இருந்தால் பரவாயில்லை, வில்லை மாட்ட ஓட்டையோடு வேண்டும். "உங்கப்பா ஊத்துவாரா கேட்டுச் சொல்லுங்க. ஆவணிக்கு வந்தா போதும்."

ஸ்டேஷனில் இருந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். சண்டைக்கப்புறம் நாங்கள் பேசும் முதல் பேச்சு காதைப் பற்றி. ஐந்து நாள் எங்கே சுற்றினாய் என்று கேட்கவில்லை.

"காது மட்டுமா? முழு மாட்டையும் ஊத்திக் குடுத்தரலாமேடா. அச்சு ஒண்ணு எடுத்துட்டா..."

"அத ஒருத்தன் ஏற்கெனவே பண்ணிட்டான்ப்பா" என்று 112 கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் பட்டறையில் யாரோ கடைசல் போடும் சத்தம் கேட்டது.

"காது என்ன எடை இருக்கும்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தகட்டுக் காதுக்கு எடையே தெரியவில்லை, வார்ப்பில் எவ்வளவு வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"கொண்டா, பாத்துக்கலாம்" என்றார். "இடதா, வலதா?"